குறை சொல்லி விற்ற வீடு

கிட்டுவின் முழங்காலுக்கும் வீட்டு மாடிப்படிக்கும் இரண்டு வருடமாக ஒத்துப்போகவில்லை. முடிச்சூரில் 2015 வெள்ளம் வந்து போன பிறகு, படுக்கை, பீரோ, சாமி படங்கள் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். சாமான்கள் ஏறியதோடு சரி, மேலேயே இருந்துவிட்டன. கிட்டுதான் தினமும் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

"சிட்லபாக்கத்துல சின்மயி வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் வரதாம். லிஃப்ட் இருக்காம்" என்றாள் அவர் மனைவி அபிதகுஜாம்பாள். மகள் பெயரையும் லிஃப்டையும் ஒரே மூச்சில் சொன்னதில் கிட்டு அன்றைக்கே மசிந்துவிட்டார். வீட்டை விற்பதென்று முடிவாயிற்று.

அந்த வீட்டை விற்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கல் கிட்டுதான்.

அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் கேட்டு வருகிறவர்கள் எதை மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே அவருடைய வேலை. "எனக்கு எந்த நோயும் வந்ததில்லை" என்று எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எடுத்த போட்டோவையே ஒட்டி அனுப்பிய பல்லாவரத்து ஆசாமியைப் பற்றி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லுவார். 'உண்மையை மறைத்தல்' என்ற இரண்டு சொல்லை வாழ்நாளில் அவர் எழுதிய அளவுக்குத் தன் கையெழுத்தைக்கூட எழுதியிருக்கமாட்டார்.

அதனால், பத்திரங்களைக் காட்டிவிட்டு வரலாம் என்று தாம்பரத்தில் வழக்கறிஞர் ஹெப்சியிடம் போனவர், அங்கே ஒரு சட்டம் தனக்காகவே காத்திருந்ததைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"சொத்து மாற்றுச் சட்டம், அம்பத்தஞ்சாவது பிரிவு சார்" என்றார் ஹெப்சி. "வீட்டுல பெரிய குறை ஏதாவது இருந்து, அது உங்களுக்குத் தெரிஞ்சு, வாங்கறவர் சாதாரணமா சுத்திப் பார்த்தா கண்டுபிடிக்க முடியாததா இருந்தா, நீங்களே சொல்லியாகணும். மறைச்சா மோசடிதான். மத்தபடி உங்க பத்திரம் எல்லாம் க்ளீனா இருக்கு, கவலைப்படாதீங்க."

கடைசி வாக்கியம் கிட்டுவின் காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே குறைகளை யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அன்று சாயங்காலமே ஹெப்சிக்கு ஃபோன் போனது.

"மேடம், சமையலறையில ஒரு பல்லி இருக்கு. சொல்லணுமா?"

"பல்லி கண்ணுக்குத் தெரியுமே சார். சொல்ல வேண்டாம்."

"இது டியூப் லைட்டுக்குப் பின்னாலயே இருக்கும். வெளியில வராது."

"சார், பல்லி பெரிய குறை இல்ல."

"பெரிய பல்லி மேடம்."

ஹெப்சி வைத்துவிட்டார்.

வீட்டு புரோக்கர் துரைராஜ் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய குங்குமம், இரண்டு ஃபோன் சகிதம் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சூப்பர் வூடு சார். காத்து பிச்சிகினு வருது. ஒரே மாசத்துல முடிச்சிடலாம். பார்ட்டி வந்தா நீங்க ஒண்ணும் பேச வாணாம். சிரிச்சிகினு இருங்க, அது போதும்."

கிட்டு சிரித்துக்கொண்டு இருக்கப் பிறந்தவர் அல்ல.

முதலில் வந்தவர் ஷ்யாம்சுந்தர் என்ற இளைஞர். பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கூடத்தில் நுழைந்து, ஜன்னலைப் பார்த்து, "நல்ல வெளிச்சம் சார்" என்றார். துரைராஜ் வாய் திறப்பதற்குள் கிட்டு முந்திக்கொண்டார்.

"வெளிச்சம் இருக்கட்டும். இந்தச் சுவரைப் பாருங்க. இதோ, இந்த ஸ்விட்ச் இருக்கே, 2015ல தண்ணி இதுவரைக்கும் நின்னுது."

முடிச்சூரில் 2015 என்பது வருடம் இல்லை, அது ஓர் உயரம். சிலருக்கு முழங்கால், சிலருக்கு இடுப்பு, சிலருக்கு மொட்டை மாடி. கிட்டுவுக்கு ஸ்விட்ச்.

"இப்பதான் கால்வாய் எல்லாம் அகலப்படுத்திட்டாங்களே சார்" என்றார் துரைராஜ் அவசரமாக.

"பண்ணிருக்கா. ஆனா நான் கியாரண்டி குடுக்க முடியாது" என்றார் கிட்டு. "அப்புறம், மேற்குச் சுவர்ல ஓதம் இருக்கு. இப்ப பெயின்ட் அடிச்சிருக்கறதால தெரியல. மழைக்காலத்துல இந்தியா மேப் மாதிரி வரும். போன வருஷம் இலங்கையும் சேர்ந்து வந்தது. பாத்ரூம் கதவு ஐப்பசியில உப்பிக்கும். உள்ள போனவா தை மாசம்தான் வெளிய வரலாம்னு என் ஆத்துக்காரி சொல்லுவா, அது கொஞ்சம் மிகை. அந்த ரூம்ல என் ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தர் கிரிக்கெட் பார்த்துண்டே காலமானார். இந்தியா ஜெயிச்சுது, சந்தோஷமாத்தான் போனார். இருந்தாலும் சொல்லணும் இல்லையா? அப்புறம் பின் வீட்டுல..."

அந்த நேரம் பார்த்து, கேட்காமலே, பின்சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. யாரோ ஓர் எருமையை மெதுவாகச் சமாதானப்படுத்துவதுபோல் தொடங்கி, சமாதானம் தோற்றுப்போனதுபோல் முடிந்தது.

"அது என்ன சார்?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

"சாக்சபோன்" என்றார் கிட்டு. "லக்ஷ்மிநாராயணன்னு பேங்க்ல மேனேஜரா இருந்து ரிடயர் ஆனவர். ஒன்பது வருஷமா கத்துண்டிருக்கார். இன்னும் வரலை. தினம் அஞ்சு மணியிலேர்ந்து ஆறு மணி. அதுவே நான் ஏணி போட்டு ஏறிச் சண்டை போட்டு வாங்கின டயம்."

ஷ்யாம்சுந்தர் நன்றி சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் ஜெர்சன். சேலையூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் தலையாட்டியபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர், ஓதம், கதவு, மாமா, சாக்சபோன் என்று கிட்டு முடித்ததும், துரைராஜ் நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

"சரி, இப்ப நிஜத்தைச் சொல்லுங்க" என்றார் ஜெர்சன்.

"எல்லாம் சொல்லிட்டேனே!"

"சார், நானும் வியாபாரிதான். இவ்வளவு குறையை வாயாலயே சொல்ற மனுஷன், சொல்லாம எதை வெச்சிருக்காருன்னு நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வேணாம் சார். புள்ளைகுட்டிக்காரன் நான்."

கிட்டு அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மறைத்தவர்களைப் பிடித்தவர், மறைக்கிறார் என்று ஒருவர் அவரையே சந்தேகப்பட்டுவிட்டார். "நான் போய் மறைப்பேனா அபிதா? என்னப் பார்த்து!"

"மறைச்சுத் தொலைங்கோளேன்" என்றாள் அபிதகுஜாம்பாள். "ஊருக்கே தெரிஞ்ச வெள்ளத்தை நீங்க ஸ்விட்ச்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டணுமா? சிட்லபாக்கத்து ஃப்ளாட்டுக்கு வேற யாரோ வந்து பார்த்துட்டுப் போயிருக்காளாம். லிஃப்ட் போயிடும், சொல்லிட்டேன்."

அவளும் துரைராஜும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். அடுத்த பார்ட்டி வரும்போது கிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையில் ஒரு பையைக் கொடுத்து, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில்தான் நல்ல சேப்பங்கிழங்கு கிடைக்கும் என்று அனுப்பிவைத்தாள்.

வந்தவர்கள் ஒரு குடும்பம். வினோத்குமார் சாலை போடும் நிறுவனம் ஒன்றில் சர்வே இன்ஜினியர். அவன் மனைவி வெண்ணிலா பெருங்களத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். கூடவே வினோத்குமாரின் அம்மா முத்தாலம்மாள். கானத்தூர் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். மகன் வீடு வாங்கப்போகிறான் என்றதும் மூக்குத்தி பளபளக்க, ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கியிருந்தாள்.

அபிதகுஜாம்பாள் காபி கொடுத்தாள், காற்றைக் காட்டினாள், கொய்யா மரத்தைக் காட்டினாள். மேற்குச் சுவர் பக்கமே போகவில்லை. வெண்ணிலாவுக்கு வீடு பிடித்துவிட்டது என்று அவள் சமையலறை அலமாரிகளைத் திறந்து மூடிய விதத்திலேயே தெரிந்தது. துரைராஜ் மனதுக்குள் பெருங்களத்தூர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. பையில் சேப்பங்கிழங்கோடு கிட்டு.

"சீக்கிரம் வந்துட்டேளே!" என்றாள் அபிதகுஜாம்பாள். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

"போற வழியிலேயே கிடைச்சுடுத்து." கிட்டு விருந்தாளிகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். பையைக் கீழே வைத்தார். "எல்லாம் சொன்னியா?"

"சொன்னேன், சொன்னேன்."

"ஓதம்?"

அவள் கொய்யா மரத்தைப் பார்த்தாள்.

அடுத்த அரைமணி நேரம் கிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். துரைராஜ் வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு ஃபோனையும் ஆஃப் செய்தார். முத்தாலம்மாள் மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிட்டு சொன்ன ஒவ்வொன்றையும் ஆசையாகக் கேட்டாள்.

"இன்னா சார் நீ, வூட்ட விக்கிறியா, இல்ல வூட்டு மேல கேஸ் போட்டுகினு கீறியா?" என்றாள் கடைசியில். "தண்ணி ஸ்விட்ச்சு வரிக்கும் வந்துச்சா? எங்க வூட்ட ரெண்டு தபா கடலே இட்டுகினு பூடுச்சு. ஸ்விட்ச்சு, செவுரு, கட்டிலு, எல்லாம். உன்து இங்கியேதான கீது?"

கிட்டு யோசித்தார். "இங்கேயேதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். வீட்டைப் பற்றி அவர் பல நாள் கழித்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. துரைராஜ் ஒரு ஃபோனை மட்டும் ஆன் செய்தார்.

சுவருக்குள் இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்து விலை பேசி முடித்தார்கள். அடுத்த ஞாயிறு முன்பணம் கொடுப்பதென்று ஏற்பாடு. நடுவில் ஒரு நாள் வினோத்குமார் மட்டும் தனியாக வந்து, சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் இங்கும் அங்கும் நடந்தான். பத்திரத்தின் நகலைப் பார்த்தான், மறுபடி அளந்தான், பின்சுவர் மேல் எட்டிப் பார்த்தான். "சும்மா சார், தொழில் புத்தி" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டில் பழமும் கவரும் இருந்தன. வினோத்குமாரின் முகம் மட்டும் சரியில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவனுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"கவரை வாங்கறதுக்கு முன்னாடி" என்று கிட்டு தொண்டையைச் செருமினார். துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு விஷயம் விட்டுப்போயிடுத்து. முதல்ல சொன்னப்பவே சொல்லியிருக்கணும், மன்னிக்கணும். மின்னல் வெட்டினா காலிங் பெல் தானா அடிக்கும். யாரோ வந்திருக்கான்னு ஏமாந்து கதவைத் திறக்காதீங்கோ. ரெண்டாவது, மாடி ஜன்னல் ஒண்ணுல கொக்கி போலி. பூட்டின மாதிரி இருக்கும், பூட்டாது. இதை நான் சொல்லாம விட்டுட்டேனேன்னு ரெண்டு நாளா எனக்கு மனசே..."

"போதும் சார்!" என்று வினோத்குமார் எழுந்துவிட்டான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முத்தாலம்மாள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "டேய், கம்முனு ஒக்காருடா."

"முடியல மா. இவுரு ஜன்னல் கொக்கியைக்கூட சொல்றாரு. நான் எப்படிமா சொல்லாம இருக்கறது?"

"வாயத் தொறந்த, வூட்டுக்கு வா, கீது ஒனக்கு!"

"சார்" என்றான் வினோத்குமார், ஒரே மூச்சில். "உங்க இடம் இந்தச் சுவரோட முடியல. பத்திரத்துல அறுபதடி நீளம். சுவருக்குள்ள அம்பத்திநாலுதான் கீது. சுவருக்கு அந்தாண்ட ஆறடி, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், உங்களுது. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வாங்கினப்புறம் பார்த்துக்கலாம்னு அம்மா சொல்லுச்சு. நானும் சரின்னுட்டேன். நாலு நாளா சோறு எறங்கல சார்."

முத்தாலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆறடி பூச்சே" என்ற குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது.

துரைராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியல. இப்ப ரெண்டு பேர் கீறீங்களா?"

கிட்டுவுக்கு மெல்ல மெல்ல வீடு கட்டிய காலம் ஞாபகம் வந்தது. பின்பக்கம் ஒரு பெரிய ஜல்லிக் குவியல் கிடந்தது. அதை அள்ள யாரும் வரவில்லை. மேஸ்திரி சின்னப்பன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, குவியலுக்கு இந்தப் பக்கமாகவே சுவரை எழுப்பிவிட்டுப் போனார். அப்புறமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னதாகவும் ஞாபகம். ஊரில் எல்லார் வார்த்தையையும் சந்தேகப்பட்ட கிட்டு, தன் வீட்டுச் சுவரை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவர் ஹெப்சிக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"யாரு, வாங்கறவர் தானா வந்து சொன்னாரா?" ஹெப்சியின் குரல் உயர்ந்தது. "அதே அம்பத்தஞ்சாவது பிரிவுலதான் சார் இதுவும் இருக்கு. விக்கிறவருக்குத் தெரியாம அவரோட சொத்துக்கு மதிப்பு கூட்டற விஷயம் வாங்கறவருக்குத் தெரிஞ்சா, அவர் சொல்லணும். சட்டம் இருக்கு. ஆனா அதை ஒருத்தர் தானா செஞ்சு என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல. அவர் அங்க இருக்காரா? கொஞ்சம் அவர்கிட்ட குடுங்க, பேசணும் போல இருக்கு."

வினோத்குமார் கூச்சத்தோடு ஃபோனை வாங்கி, "பரவாயில்ல மேடம்" என்றான்.

அந்த நேரத்தில் மணி ஐந்து ஆனது போலிருக்கிறது. பின்சுவருக்கு அப்பாலிருந்து எருமை தன் துக்கத்தைத் தொடங்கியது.

கிட்டு பின்சுவர் பக்கம் திரும்பினார். "வினோத்" என்றார் மெதுவாக. "அந்த சாக்சபோன் ரூம் சுவரை ஒட்டித்தானே இருக்கு? அது அந்த ஆறடியிலயா வரது?"

"ஆமா சார். ரூம் முழுசா உங்க இடத்துலதான் கீது."

ஒன்பது வருடமாகச் சுவர் மேல் ஏணி போட்டு ஏறிக் கத்தியது, குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுத்தது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியது எல்லாம் கிட்டுவின் கண்முன் ஓடியது. ஆனாலும் கடமை கடமைதான். வினோத்குமாருக்கு நேராகத் திரும்பி நின்றார்.

"ஒரு திருத்தம். பின் வீட்டுலேர்ந்து சத்தம் வரதுன்னு உங்ககிட்ட சொன்னேன். அது தப்பான தகவல். சத்தம் இந்த வீட்டுலேர்ந்துதான் வரது."

அபிதகுஜாம்பாள் சிரிக்கத் தொடங்கினாள். முந்தானைக்குள்ளிருந்து முத்தாலம்மாளும் சேர்ந்துகொண்டாள். இருவரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் தொட்டதுகூட இல்லை, இப்போது தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்படியே எல்லோரும் கிளம்பித் தெருமுனை சுற்றி அடுத்த தெருவுக்குப் போனார்கள். முன்னால் கிட்டு, பின்னால் வினோத்குமார், வெண்ணிலா, கைகோத்தபடி இரண்டு அம்மாக்கள், கடைசியில் துரைராஜ். துரைராஜின் நடையைப் பார்த்து, எங்கேயோ துக்கம் விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, இஸ்திரிக் கடைக்காரர் எழுந்து நின்றார்.

லக்ஷ்மிநாராயணன் கழுத்தில் சாக்சபோன் தொங்கக் கதவைத் திறந்தார். கிட்டுவைப் பார்த்ததும் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சே கால்தான் ஆகுது! ஆறு வரைக்கும் எனக்கு டயம் இருக்கு. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தா பயந்துடுவேனா?"

"நான் சண்டைக்கு வரல லக்ஷ்மிநாராயணன் சார்" என்று கிட்டு தொடங்கி, ஜல்லிக் குவியலிலிருந்து சிவப்புப் புள்ளி வரை எல்லாவற்றையும் சொன்னார்.

லக்ஷ்மிநாராயணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சாக்சபோன் மடியில் படுத்துக்கொண்டது. "எனக்கு ஆறடி ஜாஸ்தி இருக்குன்னு தெரியும்" என்றார் கடைசியில். "மனை போட்டவன் தாராள மனசுக்காரன்னு நெனச்சேன். பேங்க்ல இருந்தவன், நானே கணக்குப் பார்க்காம விட்டுட்டேன் பாருங்க." பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படின்னா ஒன்பது வருஷமா உங்க இடத்துல நின்னு உங்களுக்கேதான் வாசிச்சிருக்கேன். தினமும் கச்சேரி! ஒரு தட்டு பழம்கூட வைக்கல நீங்க!"

கிட்டு தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பழம் இல்லை.

அறையைப் பார்க்கப் போனார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் மரப்பலகை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், சுவர் முழுக்க முட்டை அட்டைகள். சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒட்டியதாம். கிட்டு அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனக்காக இந்த மனுஷர் இவ்வளவு முட்டை தின்றிருக்கிறாரே என்று அவருக்கு முதல் முறையாகத் தோன்றியது.

"எடுத்துடறேன்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "மொட்டை மாடியில வாசிச்சுக்கறேன். காத்தோட போயிடும்."

முத்தாலம்மாள் வெளியே வந்து, அந்த ஆறடி அகலப் பட்டையை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல வெயில் விழும் இடம். அவள் தொண்டையைச் செருமினாள். கிட்டுவிடமிருந்து தொற்றிக்கொண்ட செருமல் அது.

"எல்லாரும் சொல்லிக்கினு கீறீங்க, நானும் ஒண்ணு சொல்லிட்றேன். நான் இங்க கருவாடு காய வெப்பேன். நாத்தம் வரும். அப்பால வந்து ஏணி போட்டுகினு கத்தக் கூடாது."

லக்ஷ்மிநாராயணன் நிமிர்ந்தார். தெருப் பக்கம் ஒரு பார்வை, வீட்டுக்குள் ஒரு பார்வை. குரலைத் தாழ்த்தினார். "நெத்திலியா?"

"நெத்திலி, வாளை, எல்லாந்தான்."

"டாக்டர் உப்பு கூடாதுன்னுட்டாரு, வீட்டுல விடமாட்டாங்க" என்றார் லக்ஷ்மிநாராயணன். "சுவத்து மேல கொஞ்சமா வெச்சீங்கன்னா நான் பார்த்துக்கறேன்."

"வெக்கிறேன். ஆனா நீ வாசிக்கிற அந்தப் பாட்ட மாத்திக்கோ. மீனு காயறதுக்கு முன்னாடி அழுவிப் பூடும்."

விஷயம் இப்படி முடிந்ததில் துரைராஜுக்குத்தான் தாங்கவில்லை. வழக்கு வரும், வாய்தா வரும், பார்ட்டி ஓடும் என்று நினைத்திருந்தவர், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கத் தொடங்கி, கொஞ்சம் அழுதும் விட்டார். ஆறடிக்கும் சேர்த்து விலையைக் கொஞ்சம் ஏற்ற வினோத்குமாரே முன்வந்தான். சுவரை இடித்துக் கட்டும் செலவு தன்னுடையது என்று கிட்டு பிடிவாதம் பிடித்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தனக்கு நஷ்டம் வரும்படி பேரம் பேசியதை, துரைராஜ் தன் தொழிலில் பார்த்த அதிசயமாக இன்றும் சொல்கிறார்.

பத்திரப்பதிவு அன்று கிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். அதிகாரி முகத்தைப் பார்க்காமலே வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "முழு மனசோடதான் விக்கிறீங்களா?"

கிட்டு தொண்டையைச் செருமினார்.

வினோத்குமார், வெண்ணிலா, ஹெப்சி, துரைராஜ், அபிதகுஜாம்பாள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில், "ஆமான்னு சொல்லுங்க!" என்றார்கள். வரிசையில் நின்றிருந்த வேறு யாரோ ஒருவரும் சேர்ந்து சொன்னார். அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாம்" என்றார் கிட்டு. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அபிதகுஜாம்பாள் கேட்டாள். "என்ன சொல்ல வந்தேள் அங்க?"

"தொண்டையில ஏதோ சிக்கிண்டுது" என்றார் கிட்டு. அவள் தன் டம்ளரிலிருந்து கொஞ்சம் டீயை அவர் டம்ளரில் ஊற்றினாள்.

சிட்லபாக்கத்து ஃப்ளாட்டுக்குக் குடிபோய் மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் முத்தாலம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது.

"சார், எப்படிக் கீற? முட்டி எப்படிக் கீது? நல்லது. என் தங்கச்சிப் பொண்ணு திருமுடிவாக்கத்தாண்ட ஒரு வூடு பாக்குது சார். அந்த வூட்டுக்காரன் ஒரு குறையும் இல்ல, ஒரு குறையும் இல்லன்னு சொல்லிகினே கீறான். எனக்கு இன்னாவோ பயமா கீது. நீ வந்து ஒரு தபா பார்த்துட்டு சொல்லு. ஆட்டோ அனுப்பறேன். வாளைக் கருவாடு வாணாம்னு தெரியும், கொய்யாப்பழம் குடுத்து அனுப்பறேன்."

"ஒரு குறையும் இல்லன்னா சொன்னான்?" என்றார் கிட்டு.

"அப்படியேதான் சொன்னான்."

"மேற்குச் சுவர்ல புதுசா பெயின்ட் அடிச்சிருக்கானா?"

"அட, ஆமா சார்! உனுக்கு எப்படித் தெரியும்?"

கிட்டு ஃபோனைக் காதில் வைத்தபடியே சட்டையை மாட்டிக்கொண்டார். லிஃப்ட் வரும் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், முழங்காலையும் மறந்து, படியில் இறங்கிப் போய்விட்டார்.